போருக்குப் பிந்தைய பிரிட்டனில் பிரசவம் பார்த்தது யார்?

கேள்வி இது: "1948-ல் என்.எச்.எஸ். (தேசிய சுகாதார சேவை) வந்ததும் பிரிட்டனில் பிரசவமெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டதா? தாய் சேய் நலத்தில் உள்ளாட்சிகளுக்கு என்ன வேலை இருந்தது? தாய்மார் சாவும் குழந்தைச் சாவும் குறைந்ததற்கு யார் காரணம்?"

போகவில்லை. போர் முடிந்த மறு ஆண்டான 1946-ல் அங்கே ஏறக்குறைய பாதிக் குழந்தைகள் வீட்டிலேயே பிறந்தன. 1958-லும் மூன்றில் ஒன்றுக்கு மேல் வீட்டுப் பிரசவம்தான். அந்த வீடுகளுக்குப் போன மருத்துவச்சிக்குச் சம்பளம் கொடுக்க வேண்டிய பொறுப்பு உள்ளாட்சியுடையது. குழந்தையை எடை போட்டுப் பார்த்த கிளினிக், மீன் எண்ணெய் கொடுத்த மேசை, தொண்டை அடைப்பானுக்கு (டிப்தீரியா) ஊசி போட்ட நர்ஸ், பிரசவித்தவளுக்கு வீட்டு வேலையில் கைகொடுக்க வந்த உதவியாள் எல்லாமே உள்ளாட்சியின் ஏற்பாடு. என்.எச்.எஸ். என்றதும் பெரிய கட்டடமும் வெள்ளைக் கோட்டும்தான் நம் கண்ணுக்கு வருகின்றன. 1948 முதல் 1974 வரை, தாய் சேய் விஷயத்தில் அதன் முகமாக இருந்தவர்கள் வாசல் கதவைத் தட்டி உள்ளே வந்த இரண்டு பெண்கள். ஒருவர் மருத்துவச்சி. இன்னொருவர் ஹெல்த் விசிட்டர், அதாவது தாயையும் குழந்தையையும் வீடு தேடி வந்து பார்க்கும் சுகாதார நர்ஸ். வரலாறு எழுதுகிறவர்கள் அவர்களுக்குக் கொடுத்திருக்கும் இடம் போதாது என்பது என் கருத்து. அதனால்தான் இந்தப் பதில் கொஞ்சம் நீளம்.

இந்தச் சேவை 1948-ல் வானத்திலிருந்து குதித்ததல்ல. 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 150 போல ஒரு வயதைத் தாண்டவில்லை. வட இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு நகரத்தில் 1904 முதல் 1906 வரை மேயராக இருந்த பெஞ்சமின் பிராட்பென்ட் ஒரு காரியம் செய்தார். தன் லாங்வுட் பகுதியில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பவுண்டுக்கு உறுதிச்சீட்டு எழுதித் தாயிடம் கொடுத்தார். குழந்தை முதல் பிறந்தநாளைத் தொட்டால் பணம் கிடைக்கும். பணத்தை விடப் பெரிய விஷயம் ஒன்று இதில் இருந்தது. குழந்தை பிறந்த சேதி உடனே தெரிந்தால்தான் யாராவது போய்ப் பார்க்க முடியும். அந்த நகரம் பிறப்பை உடனே அறிவிக்கச் சொல்லித் தனக்கென்று ஒரு சட்டமே வாங்கிக்கொண்டது. அதைப் பார்த்து 1907-ல் நாடு முழுவதற்கும் பிறப்பு அறிவிப்புச் சட்டம் வந்தது. 1915-ல் அது கட்டாயமானது. குழந்தை பிறந்த 36 மணி நேரத்துக்குள் ஊர்ச் சுகாதார அதிகாரிக்குத் தகவல் போயாக வேண்டும். பின்னால் வந்த அத்தனைக்கும் அடித்தளம் இந்த 36 மணி நேரம்தான்.

அப்புறம் 1918-ல் தாய் சேய் நலச் சட்டம் வந்தது. உள்ளாட்சிகள் அதற்கென்று தனிக் குழு அமைத்தன. 1936-ன் மருத்துவச்சிகள் சட்டம், ஊருக்குத் தேவையான அளவு மருத்துவச்சிகள் முழு நேரச் சம்பளத்தில் இருக்க உள்ளாட்சி வழி செய்ய வேண்டும் என்றது. அதுவரை பல மருத்துவச்சிகள் வீட்டுக்கு வீடு கூலி பேசிப் பிழைத்தவர்கள். ஏழை வீட்டில் கூலி வராமலும் போகும். சம்பளம் வந்ததும் அந்தக் கவலை தீர்ந்தது. ஆக, போர் முடிந்தபோது சட்டமும் ஆட்களும் ஏற்கனவே இருந்தன. இல்லாதது வீடும் பணமும்தான்.

போரிலிருந்து கணவர்கள் திரும்பினார்கள். 1947-ல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மட்டும் ஏறத்தாழ 8,81,000 குழந்தைகள் பிறந்தன. அந்த ஆண்டுத் தொடக்கத்தில் கடும் பனி, நிலக்கரித் தட்டுப்பாடு. குண்டு விழுந்த நகரங்களில் வீடு கிடைக்காமல் இளம் தம்பதிகள் மாமனார் வீட்டு முன்னறையில் குடியிருந்தார்கள். இந்த நெருக்கடிக்கு நடுவில்தான் 1948 ஜூலை 5 அன்று என்.எச்.எஸ். தொடங்கியது.

இனி அமைப்பு. இது கொஞ்சம் சலிப்பான விஷயம்தான், ஆனால் இது தெரியாமல் மற்றது புரியாது. 1946-ன் சட்டம் சேவையை மூன்று துண்டாகப் பிரித்தது. ஆஸ்பத்திரிகள் வட்டார வாரியங்களுக்குப் போயின. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து 14 வாரியங்கள். குடும்ப டாக்டர்கள் நிர்வாகக் குழு என்ற வேறொரு அமைப்பின் கீழ் வந்தார்கள். மூன்றாவது துண்டு கவுண்டி கவுன்சில்களுக்கும் பெரிய நகர மன்றங்களுக்கும். சட்டத்தின் 22-ஆம் பிரிவு தாய்மார், சிறு குழந்தைகள் பராமரிப்பு, 23 மருத்துவச்சிகள், 24 ஹெல்த் விசிட்டர், 25 வீட்டுக்கு வரும் நர்ஸ், 26 தடுப்பூசி, 29 வீட்டு வேலை உதவி. ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டம், 1947-ல் வந்தது, சாரம் இதுவே.

போருக்கு முன்பு பல நகராட்சிகள் சொந்தமாகப் பிரசவ ஆஸ்பத்திரி நடத்தின. கர்ப்பகாலப் பரிசோதனை, பிரசவம், பிள்ளை வளர்ப்பு எல்லாம் ஒரே அதிகாரியின் கையில் இருந்தன. 1948-ல் அவரிடமிருந்து ஆஸ்பத்திரி பறிபோனது. ஒரே தாய் குடும்ப டாக்டரிடம் ஒரு நாள், உள்ளாட்சிக் கிளினிக்கில் ஒரு நாள், ஆஸ்பத்திரியில் ஒரு நாள் என்று அலைந்தாள். ஒருவர் எழுதிய குறிப்பு இன்னொருவர் மேசைக்கு வந்து சேராது. கர்ப்பிணியைப் பொறுத்தவரை என்.எச்.எஸ். செய்த மிகப் பெரிய தவறு இந்தப் பிரிவினை என்று நினைக்கிறேன். மற்ற நோயாளிக்கு இது வெறும் அசௌகரியம். கர்ப்பம் என்பதோ ஒன்பது மாதமும் அதற்குப் பிறகும் ஒரே இழையாகப் போகிற விஷயம். அதை மூன்றாக வெட்டினால் எங்கே முடிச்சு போடுவது?

ஆனாலும் வேலை நடந்தது. 1950 வாக்கில் ஒரு தொழிலாளர் குடியிருப்பில், இரண்டாவது குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண்ணை எடுத்துக்கொள்வோம். நாள் தள்ளிப்போனது உறுதியானதும் மருத்துவச்சியிடம் பெயரைப் பதிவு செய்வாள். மருத்துவச்சி குடியிருப்பது பெரும்பாலும் அதே வட்டாரம்தான், வீடு எது என்று தெருவுக்கே தெரியும். 1948-க்கு முன்பு டாக்டரையும் அமர்த்தினால் தனியே பணம் கட்ட வேண்டும், அதனால் மருத்துவச்சியோடு நிறுத்திக்கொள்வார்கள். இப்போது டாக்டரும் இலவசம். அவரிடமும் பதிவு செய்வாள். கர்ப்பகாலப் பரிசோதனை மெல்ல டாக்டர் பக்கம் நகர்ந்தது. தாங்கள் வளர்த்த வேலை கையை விட்டுப் போகிறது என்று மருத்துவச்சிகள் வருந்தினார்கள். அந்த வருத்தம் நியாயமானது.

பதிவு செய்தவளுக்குப் பச்சை நிற ரேஷன் புத்தகம் கிடைக்கும். கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கும் உரியது அது. கடையில் ஆரஞ்சு வந்தால் பச்சைப் புத்தகத்துக்கு முதல் உரிமை. நாளைக்கு ஒரு பைண்ட் பால், அதாவது அரை லிட்டருக்குச் சற்று மேல், சலுகை விலையில். வறிய வீட்டுக்கு இலவசமாக. 1940-ல் போரின் நடுவே தொடங்கிய திட்டம் அது. பால் தட்டுப்பாடு கடுமையாக இருந்த காலத்தில், இருப்பதை முதலில் தாய்க்கும் குழந்தைக்கும் என்று ஒதுக்கினார்கள். நான் படித்தவற்றிலேயே மனம் நெகிழ்ந்த அரசு முடிவுகளில் இது ஒன்று.

பிரசவத்துக்குச் சில வாரம் முன்பு மருத்துவச்சி வீட்டுக்கே வந்து பார்ப்பாள். படுக்கை எந்தப் பக்கம், தண்ணீர் எங்கே, அடுப்பு எப்படி, மூத்த பிள்ளையை அன்று யார் வைத்துக்கொள்வது, எல்லாம் விசாரிப்பாள். கிருமி நீக்கிய துணி, பஞ்சு அடங்கிய பிரசவப் பொட்டலம் உள்ளாட்சியிலிருந்து வரும். மெத்தை பாழாகாமல் விரிக்கப் பழுப்புத் தாளும் பழைய செய்தித்தாளும் சேர்த்து வைக்கச் சொல்வாள். நோவு எடுத்ததும் கணவன் தெருமுனை டெலிபோன் பெட்டிக்கு ஓடுவான், இல்லையென்றால் மருத்துவச்சியின் வீட்டுக்கே ஓடுவான். அவள் சைக்கிளில் பையை மாட்டிக்கொண்டு கிளம்புவாள். கார் பரவலானது பிறகுதான். கிழக்கு லண்டன் பாப்லரில் செயின்ட் ஜான் த டிவைன் சபையின் கன்னிகாஸ்திரீகள் இந்த வேலையைப் பல பத்தாண்டுகள் செய்தார்கள். உள்ளாட்சி தானே ஆள் வைக்காமல் இப்படிப்பட்ட அமைப்புகளிடம் பொறுப்பை ஒப்படைக்கவும் சட்டத்தில் இடம் இருந்தது.

வலிக்கு என்ன செய்தார்கள் என்பது தனிக் கதை. லிவர்பூலைச் சேர்ந்த டாக்டர் ராபர்ட் மின்னிட் 1930-களின் தொடக்கத்தில் ஒரு கருவி செய்தார். நைட்ரஸ் ஆக்சைடு வாயுவைக் காற்றோடு கலந்து, தாயே முகமூடியைப் பிடித்து இழுத்துக்கொள்ளலாம். 1936-ல் மருத்துவச்சிகள் இதைத் தாங்களே பயன்படுத்த மத்திய மருத்துவச்சிகள் வாரியம் அனுமதித்தது. ஆனால் ஆரம்பத்தில் தகுதி பெற்ற இன்னொருவரும் கூட இருக்க வேண்டும் என்று விதி. வீட்டுப் பிரசவத்தில் இரண்டாவது ஆளுக்கு எங்கே போவது? கருவியும் கனம், சைக்கிளில் கொண்டுபோவது பெரும் பாடு. அதனால் ஆஸ்பத்திரியில் பெற்றவளுக்குக் கிடைத்த வலி நிவாரணம் வீட்டில் பெற்றவர்களில் சிலருக்கே கிடைத்தது. 1949-ல் பீட்டர் தார்னிகிராஃப்ட் என்ற உறுப்பினர் எல்லாத் தாய்க்கும் வலி நிவாரணம் கிடைக்க வழி செய்யும் மசோதாவை நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தார். சுகாதார அமைச்சர் அனைரின் பெவனின் தரப்பு, இருக்கிற சட்டமே போதும் என்று சொல்லி எதிர்த்தது. மசோதா நிறைவேறவில்லை. பெவன் மீது எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. இந்த ஒரு விஷயத்தில் அவர் பக்கம் நிற்க என்னால் முடியவில்லை. 1950-ல் வலி தணிக்கும் பெத்திடின் ஊசியை மருத்துவச்சி தானே போட அனுமதி வந்ததும் நிலைமை கொஞ்சம் மாறியது.

வீட்டில் ரத்தப்போக்கு நிற்காவிட்டால்? அதற்கு 'பறக்கும் படை' இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டரும் மருத்துவச்சியும் ரத்தம், கருவிகளோடு ஆம்புலன்ஸில் வீட்டுக்கே வருவார்கள். ஸ்காட்லாந்தின் பெல்ஷில்லில் 1933-லும் நியூகாசிலில் 1935-லும் தொடங்கிய ஏற்பாடு இது. என்.எச்.எஸ். காலத்தில் நாடு முழுக்கப் பரவியது. சமையலறை மேசைக்குப் பக்கத்தில் ரத்தம் ஏற்றிப் பிழைக்க வைத்த தாய்மார் உண்டு.

பிரசவம் முடிந்து 14 நாள் வரை மருத்துவச்சி வந்து பார்ப்பது விதி. தாயின் உடல் சூடு, தொப்புள் காய்ந்ததா, பால் சுரக்கிறதா என்று கவனிப்பாள். அதற்கிடையில் 36 மணி நேர அறிவிப்பு ஊர்ச் சுகாதார அதிகாரியின் அலுவலகத்துக்குப் போயிருக்கும். பதினான்காம் நாளை ஒட்டி வாசலில் இன்னொரு தட்டு. ஹெல்த் விசிட்டர் வந்திருப்பார்.

இவர் யார்? நர்ஸ் பயிற்சி முடித்து, பிரசவப் பயிற்சியும் பெற்று, அதற்கு மேல் பொதுச் சுகாதாரம் படித்தவர். மருந்து எழுத மாட்டார், ஆஸ்பத்திரியில் சேர்க்க மாட்டார். உட்கார்ந்து பேசுவார், பார்ப்பார், எழுதிக்கொள்வார். முக்கியமான ஒன்று: வீட்டுக்குள் நுழைய அவருக்குச் சட்ட உரிமை எதுவும் கிடையாது. தாய் கதவைச் சாத்தினால் திரும்பிப் போக வேண்டியதுதான். அப்படியும் பெரும்பாலான கதவுகள் திறந்தன. அதிகாரமில்லாமல் ஒரு நாடு முழுக்க வீட்டுக்குள் போய் வந்த இந்தச் சேவை எனக்கு இன்றும் வியப்புதான்.

எல்லாம் இனிமையாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். அவர் வருகிற நாளென்று வீட்டைத் துடைத்துப் பளபளப்பாக்கிய தாய்மார் பலர். அவரை மேற்பார்வைக்கு வந்தவராகத்தான் பார்த்தார்கள். பேச்சிலும் உடையிலும் வர்க்க வித்தியாசம் தெரியும். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறைதான் பால் கொடுக்க வேண்டும், நடுவில் அழுதால் தூக்கக் கூடாது என்ற கடிகாரப் பாடத்தை அந்தத் தலைமுறையில் பலரும் போதித்தார்கள். பாட்டிமார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பாட்டிமார் சொன்னதே சரி என்று பின்னால் தெரிந்தது.

வாரம் ஒரு நாள் குழந்தை நலக் கிளினிக். சொந்தக் கட்டடம் இல்லாத ஊரில் தேவாலயக் கூடத்தில் நடக்கும். வெளியே குழந்தை வண்டிகள் வரிசையாக நிற்கும். உள்ளே தராசு, அட்டை, தேநீர், தன்னார்வப் பெண்கள். ஒரு மூலையில் நலவுணவு மேசை: நேஷனல் பால் பவுடர் டின், புட்டி ஐந்து பென்ஸ் விலையில் ஆரஞ்சுச் சாறு, மீன் எண்ணெய், தாய்க்கு ஏ, டி வைட்டமின் மாத்திரை. ஆரஞ்சுச் சாற்றுக்கு நல்ல கிராக்கி. மீன் எண்ணெயின் வாடை பிள்ளைகளுக்கும் பிடிக்கவில்லை, துணி துவைக்கிற தாய்க்கும் பிடிக்கவில்லை. 1954-ல் ரேஷன் முடிந்து உணவு அமைச்சகத்தின் ஊர் அலுவலகங்கள் மூடியபோது, இந்த விநியோகமும் உள்ளாட்சியின் தலையில் வந்து விழுந்தது.

இந்த உணவுத் திட்டத்திலும் ஒரு பாடம் உண்டு. பிள்ளைகளின் எலும்பை வளைக்கும் ரிக்கெட்ஸ் நோயை ஒழிக்கப் பால் பவுடரிலும் குழந்தைத் தானியத்திலும் டி வைட்டமின் சேர்த்தார்கள், மேலே மீன் எண்ணெயும் கொடுத்தார்கள். 1950-களின் தொடக்கத்தில் சில குழந்தைகளுக்கு ரத்தத்தில் கால்சியம் அளவு மீறிப்போனது. வாந்தி, எடை குறைவு. குழந்தை மருத்துவர்கள் கவனித்துச் சொல்ல, 1957-ல் சேர்மானத்தைக் குறைத்தார்கள். தவறு நடந்தது, கண்டுபிடித்தார்கள், திருத்தினார்கள். மறைக்காமல் திருத்தியதற்காக அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

கிளினிக்கில் டாக்டரும் இருப்பார். ஆனால் மருத்துவம் பார்க்க மாட்டார்! குழந்தைக்குக் காதில் சீழ் வடிந்தால் பார்த்து, உங்கள் குடும்ப டாக்டரிடம் போங்கள் என்று அனுப்புவார். தனியார் டாக்டர்களின் வருமானத்தில் கைவைக்கக் கூடாது என்று தொடக்கத்திலேயே செய்துகொண்ட சமரசம் அது. 1948-க்குப் பிறகு குடும்ப டாக்டரும் அரசுப் பணத்தில்தான் வேலை செய்தார், இருந்தும் அந்தக் கோடு அழியவில்லை. எல்லாரையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவரச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு சுகாதார மையங்களைப் பற்றிப் பேசியது. பணமும் இல்லை, கட்டடப் பொருளும் இல்லை. லண்டனில் உட்பெரி டவுன் மையம் 1952-ல் திறந்தது. அது போல வந்தவை விரல் விட்டு எண்ணக்கூடியவை.

குழந்தை நலத்தைப் புரிந்துகொள்ள நியூகாசில் நகரத்தைப் பார்க்க வேண்டும். அங்கே ஜேம்ஸ் ஸ்பென்ஸ் இருந்தார், இங்கிலாந்தின் முதல் குழந்தை நலப் பேராசிரியர். குழந்தை ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் தாயும் கூடவே தங்க வேண்டும் என்று, வேறு யாரும் அதைக் காது கொடுத்துக் கேட்காத காலத்திலேயே நடத்திக் காட்டியவர். 1947 மே, ஜூன் மாதங்களில் அந்நகரில் பிறந்த 1,142 குழந்தைகளையும் அவருடைய குழு பின்தொடர்ந்தது. அந்தக் குழந்தைகளின் பதிவேட்டில் சிவப்புப் பொட்டு ஒட்டினார்கள். ஹெல்த் விசிட்டர்கள் வீடு வீடாகப் போய் ஒவ்வொரு இருமலையும் வயிற்றுப்போக்கையும் எழுதினார்கள். முதல் ஆண்டில் குழந்தைகளைப் படுத்தியது பெரும்பாலும் தொற்று நோய், அதிலும் நெஞ்சுச் சளி. நெருக்கடியான, ஈரம் கசியும் வீடுகளில் அது அதிகம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தால் இந்தப் படம் கிடைத்திருக்காது. வீட்டுக்குப் போனவர்களால்தான் கிடைத்தது.

அதற்கு முந்தைய ஆண்டே நாடு தழுவிய ஒரு கணக்கெடுப்பு நடந்தது. 1946 மார்ச் மாதம் ஒரு வாரத்தில் பிறந்த குழந்தைகளின் தாய்மார் 13,687 பேரை ஹெல்த் விசிட்டர்கள் நேரில் கண்டு கேட்டார்கள். டாக்டர் ஜேம்ஸ் டக்ளஸ் தலைமை தாங்கினார். பிள்ளை பெற எவ்வளவு செலவாகிறது, யாருக்கு எப்போது பரிசோதனை கிடைத்தது, வலிக்கு என்ன கொடுத்தார்கள் என்பவை கேள்விகள். வசதியான வீட்டுப் பெண்ணுக்கு எல்லாமே முன்னதாகவும் கூடுதலாகவும் கிடைத்தன என்பது எண்களில் வெளிப்பட்டது. அந்தக் குழந்தைகளில் 5,362 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஆய்வு இன்றும் நிற்கவில்லை. அவர்களுக்கு எண்பது வயதை ஒட்டியும் தொடர்கிற அந்த ஆராய்ச்சியின் முதல் கேள்வித்தாளை நிரப்பியவர் உள்ளாட்சியின் ஹெல்த் விசிட்டர்.

சரி, சாவு குறைந்தது யாரால்? தாய்மார் விஷயத்தில் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். 1934-ஐ ஒட்டி இங்கிலாந்தில் ஆயிரம் பிரசவத்துக்கு நான்குக்கு மேல் தாய்மார் இறந்தார்கள். 1950-ல் அது ஒன்றுக்கும் கீழ். இந்தச் சரிவின் பெரும்பங்கு மருந்துக்கு உரியது. பிரசவ ஜன்னியை, அதாவது பிரசவத்துக்குப் பின் கிருமித் தொற்றால் வரும் காய்ச்சலை, சல்ஃபா மருந்து அடக்கியது; லண்டன் குவீன் சார்லட்ஸ் ஆஸ்பத்திரியில் லெனார்ட் கோல்புரூக் 1935-36-ல் காட்டினார். பின்னால் பென்சிலின், ரத்தம் ஏற்றும் வசதி, ரத்தப்போக்கை நிறுத்தும் எர்கோமெட்ரின் வந்தன. ஆனால் மருந்து தானாக நடந்து வராது. ஜன்னியை மூன்றாம் நாளே கண்டுபிடிக்கத் தினமும் வந்து உடல் சூடு பார்த்த ஒரு பெண் வேண்டும். 1952 முதல் ஒவ்வொரு தாயின் மரணத்தையும் ரகசியமாக ஆராய்ந்து, தவிர்த்திருக்க முடியுமா என்று கேட்கும் விசாரணை முறையும் நிலைபெற்றது.

குழந்தைகள் விஷயத்தில் ஒரே ஒரு காரணம் சொல்ல முடியாது. ஆயிரத்துக்கு 1945-ல் 46 அளவில் இருந்த சாவு 1950-ல் 30 ஆகி, 1960-ல் 22 ஆனது. வேலை வாய்ப்பு, உணவு, பென்சிலின், சிறிய குடும்பம் எல்லாம் சேர்ந்துதான். உள்ளாட்சியின் கையெழுத்து தெளிவாகத் தெரிகிற இடம் தொண்டை அடைப்பான். 1940-ல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 46,281 பேருக்கு அந்த நோய் கண்டது. 2,480 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். அந்த ஆண்டில்தான் பெரிய அளவில் ஊசி போடத் தொடங்கினார்கள். 1957-ல் நோய் கண்டவர்கள் 37, இறந்தவர்கள் 6. ஊசி முன்பே இருந்தது. அதைக் குழந்தையின் தோள் வரை கொண்டுபோனது கிளினிக்கும் வீடு தேடிப் போன நர்ஸும்.

குறைமாதக் குழந்தைகளையும் சொல்ல வேண்டும். 1944-லேயே அமைச்சகம் உள்ளாட்சிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ஐந்தரைப் பவுண்டும் (சுமார் இரண்டரைக் கிலோ) அதற்குக் குறைவுமான எடையில் பிறந்தால் அறிவிப்பு அட்டையில் எழுத வேண்டும். தொட்டில், வெந்நீர்ப் பை போன்றவற்றை வீட்டுக்கு இரவல் தர வேண்டும். ஒரு நகராட்சி கிடங்கில் தொட்டிலை அடுக்கி வைத்து, இரவில் ஆளனுப்பிக் கொடுத்தது என்பதைப் படிக்கும்போது அரசு என்ற சொல்லுக்கே வேறு அர்த்தம் வருகிறது.

பணம் வந்த வழியும் முக்கியம். 1946 ஆகஸ்ட் முதல் இரண்டாவது குழந்தை தொடங்கி, குழந்தைக்கு வாரம் ஐந்து ஷில்லிங் குடும்பப் படி. மசோதாவில் முதலில் தகப்பனுக்கு என்றுதான் இருந்தது. நாடாளுமன்ற உறுப்பினர் எலினர் ராத்போன் போராடித் தாயின் கைக்கு மாற்ற வைத்தார். முதல் பணம் தபால் நிலையத்தில் பட்டுவாடா ஆவதற்குச் சில மாதம் முன்பு, அந்த ஜனவரியிலேயே, அவர் இறந்துவிட்டார்.

இருண்ட பக்கம் இரண்டு. முதலாவது, போர்க்காலக் குழந்தைக் காப்பகங்கள். பெண்கள் ஆலை வேலைக்கு வேண்டும் என்பதால் 1944-ல் ஏறத்தாழ 1,500 காப்பகங்கள் மத்திய அரசின் செலவில் நடந்தன. போர் முடிந்ததும் மானியத்தைக் குறைத்தார்கள், பல மூடின. வேலைக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்ற தாய்மார் நடுத்தெருவில் நின்றார்கள்.

இரண்டாவது இன்னும் கொடுமை. திருமணமாகாத தாய்மாரைச் சமயச் சங்கங்கள் நடத்திய விடுதிகளில் சேர்ப்பார்கள். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் ஆறு வாரம் போலத் தங்கல், பிறகு குழந்தை தத்துக்கு. இந்த விடுதிகளுக்கு உள்ளாட்சிகள் தாய் சேய் நலக் கணக்கிலிருந்தே பணம் கொடுத்தன. 1949 முதல் 1976 வரை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 1,85,000 குழந்தைகள் இவ்வாறு தாயிடமிருந்து பிரிக்கப்பட்டதாக 2022-ல் நாடாளுமன்ற மனித உரிமைக் குழு மதிப்பிட்டது. எத்தனையோ பேருக்கு வேறு வழியே காட்டவில்லை. 2023-ல் ஸ்காட்லாந்து, வேல்ஸ் அரசுகள் மன்னிப்புக் கேட்டன. இந்தச் சேவையை மனதார மதிக்கிற நான் இதைச் சொல்லாமல் விட்டால் அது பாதி உண்மைதான். மணமான தாயின் வாசலில் அன்பாகத் தட்டிய அதே உள்ளாட்சி, மணமாகாதவளின் விஷயத்தில் அவள் சம்மதத்தை ஒரு பொருட்டாக எண்ணவில்லை.

பிரசவம் ஆஸ்பத்திரிக்குப் போன கதையில் டாக்டர்களின் வாதம் மட்டும் இல்லை, பணமும் இருந்தது. ஆஸ்பத்திரியில் படுத்தால் சாப்பாடு, வெளுப்பு, கணகணப்பு எல்லாம் இலவசம். வீட்டில் பெற்றால் நிலக்கரியும் துணியும் சொந்தச் செலவு. இதை ஈடுகட்ட 1953-ல் வீட்டுப் பிரசவத்துக்குத் தனி உதவித்தொகை கொண்டுவந்தார்கள். வீடே நெருக்கடியாக இருந்தவள் ஆஸ்பத்திரிப் படுக்கையைக் கேட்டதில் வியப்பில்லை. 1959-ல் அரசு அமைத்த கிரான்புரூக் குழு, 70 சதவீதம் ஆஸ்பத்திரிப் பிரசவத்துக்கு இடம் வேண்டும் என்றது. 1970-ல் இன்னொரு அரசுக் குழுவான பீல் குழு எல்லாருக்கும் ஆஸ்பத்திரி என்றது. 1980 வாக்கில் வீட்டுப் பிரசவம் நூற்றுக்கு ஒன்று போல ஆனது. சிக்கலான பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி உயிர் காத்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் எல்லாரும் போக வேண்டும் என்பதற்கு அன்று போதிய சான்று இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

1974 ஏப்ரல் 1 அன்று இந்த வேலைகள் எல்லாம் உள்ளாட்சியிடமிருந்து என்.எச்.எஸ்.ஸின் வட்டார ஆணையங்களுக்கு மாறின. ஊர்ச் சுகாதார அதிகாரி என்ற பதவியே எடுக்கப்பட்டது. அவர்கள் ஆண்டுதோறும் எழுதிய அறிக்கைகளில் லண்டன் பகுதிக்கானவை ஆயிரக்கணக்கில் இணையத்தில் ஏற்றப்பட்டுள்ளன. எத்தனை தொட்டில் இரவல் போனது, எத்தனை புட்டி ஆரஞ்சுச் சாறு விற்றது என்ற அளவுக்கு விவரம் இருக்கும். உங்களுக்கு ஆர்வம் இருந்தால் அங்கே தொடங்குங்கள், எந்த வரலாற்று நூலையும் விட அவை உயிருள்ளவை.

இப்போதும் இங்கிலாந்தில் குழந்தை பிறந்தால் 36 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும் என்பது சட்டத்தில் இருக்கிறது. இரண்டாவது வாரத்தில் ஒரு ஹெல்த் விசிட்டர் வந்து கதவைத் தட்டுகிறார்.